வெள்ளிக்கிழமை வந்த பிள்ளை

2023 ஜனவரியில் ஒரு செய்தி. படகில் வந்திறங்கி, ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்ட, பெற்றோர் துணையில்லாத பிள்ளைகளில் 200 பேரளவில் இன்னும் காணவில்லை என்று பிரித்தானிய அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். என் மனைவி ரீவியை நிறுத்திவிட்டு, "மகளின்ரை அறை சும்மாதானே கிடக்கு" என்றாள். மகள் பல்கலைக்கழகம் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் கவுன்சிலுக்கு, அதாவது எங்கள் உள்ளூராட்சி மன்றத்துக்கு, போன் எடுத்தது நான்தான்.

எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் "தத்தெடுக்கிறியளோ?" என்பார்கள். இல்லை. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்களுடையது. இது ஃபொஸ்டரிங், பிள்ளை கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும், நாங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். கிழமைக்கு ஒரு கொடுப்பனவு வரும். அதைக் கேள்விப்பட்டதும் "ஓ, காசுக்கோ" என்று இழுத்தவர்களும் உண்டு. காசு வருகிறது, மறைக்க ஒன்றுமில்லை. பதினாறு வயதுப் பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவான் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

போன் எடுத்த நாளிலிருந்து அனுமதி கிடைக்க ஒன்பது மாதம் போனது. குற்றப் பதிவுச் சோதனை, டொக்டரின் அறிக்கை, வேலை இடத்தில் விசாரணை, மூன்று நாள் பயிற்சி. இவை எல்லாம் கடதாசி வேலை, பொறுமை இருந்தால் முடியும். கஷ்டம் அப்புறம்தான் தொடங்கியது. 'ஃபோர்ம் எஃப்' என்று ஒரு மதிப்பீட்டு அறிக்கை. அதை எழுதுவதற்காக ஒரு சோசல் வேர்க்கர் அம்மா மாதக்கணக்காக வீட்டுக்கு வந்துபோனார்.

முதலில் வீட்டைப் பார்த்தார். மருந்துப் பெட்டிக்குப் பூட்டு உண்டா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா. வரும் பிள்ளைக்குத் தனி அறை வேண்டும். அப்படியானால் மகள் விடுமுறைக்கு வந்தால் எங்கே படுப்பாள்? வீட்டில் மிஞ்சியிருந்தது சாமி அறை மட்டும்தான். சாமிகள் குசினி அலுமாரிக்கு இடம்பெயர்ந்தார்கள். அலுமாரிக்குள் நெய்விளக்கைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. பேசிப் பேசி, திரியில்லாத பற்றரி விளக்கு ஒன்றுக்கு என் மனைவி இறங்கிவந்தாள். இந்த முழு நடைமுறையிலும் அவள் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு எங்களைப் பார்க்கத் தொடங்கினார். உங்கள் அப்பா அடிப்பாரா? நீங்கள் மகளை அடித்திருக்கிறீர்களா? கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? மகளிடம் தனியாகவும் பேசினார். எங்கள் சனத்துக்கு இது பெரிய சோதனை. வீட்டுக் கதையை வெளியாருக்குச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. நான் ஒரு வரிப் பதில்களோடு சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், "நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது உங்களை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டார்.

1989-இல் ஏஜென்சிக்காரன் என்னை ஹீத்ரோவில் விட்டபோது எனக்குப் பதினைந்து வயது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். சொந்தம் இல்லை. அந்தச் சின்ன வீட்டில் என்னைப்போல இன்னும் ஐந்து பெடியன்கள். இதைச் சொன்னதும் அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை நெருங்கிய உறவில்லாத ஒருவர் 28 நாளோ அதற்கு மேலோ வைத்திருந்தால் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும், அது இப்போதைய சட்டம் என்றார். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப என்னைப் பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்களே?" என்று சிரித்தார்.

எங்களுக்காகப் பேசக்கூடிய ஆட்களின் பெயர்களைக் கேட்டபோது அக்காவையும் கொடுத்தேன். அவருக்கு எழுபதுக்கு மேல். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினார்கள். அவர் சொன்னது பிறகு அறிக்கையில் வந்தது: "தம்பி முதல் பத்து நாளும் எங்களோடை இருந்து சாப்பிடேல்லை. எல்லாரும் படுத்தாப் பிறகு எழும்பி வந்து, லைற் போடாமல் சாப்பிடுவான். நான் கோப்பையிலை போட்டு மூடி வைச்சிட்டுப் படுப்பன். கேக்கிறேல்லை." முப்பத்துநாலு வருடம் அவருக்கு அது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபரில் பானல், எங்களுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கும் குழு. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர். பானல் பரிந்துரை மட்டும்தான் செய்யும். முடிவெடுப்பவர் மேலதிகாரி ஒருவர். "வரும் பிள்ளைக்கு உங்கள் சமயம் பிடிக்காவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். "சாமி ஏற்கனவே அலுமாரிக்குள்தான் இருக்கிறார்" என்றாள் மனைவி. எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிள்ளை ஒன்றை எடுக்கிறீர்களா என்று கேட்கும் போன் அழைப்புகள் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சரியாக டிசம்பர் முதலாம் தேதி, வெள்ளி, நாலே முக்காலுக்கு வந்தது. எரித்திரியா நாட்டுப் பையன், பதினாறு வயது, மொழி திக்ரிஞா. இன்றிரவே எடுக்க முடியுமா? இவ்வளவுதான் தகவல். எங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவைத்திருந்தார்கள். அவனைப் பற்றி மூன்று வரி.

ஒன்பதரைக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை, தம்பி என்றே சொல்கிறேன். வெள்ளி என்பதால் வீட்டில் மரக்கறிதான்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. மேசைக்கு வந்தான், தண்ணீர் மட்டும் குடித்தான், மேலே போய்விட்டான். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையில் போட்டு, மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

சனிக்கிழமை, பாவம், எவ்வளவு காலம் பட்டினி கிடந்த பிள்ளையோ என்று கோழி பொரித்து வைத்தாள். இரவு மூடி வைத்ததும் அப்படியே கிடந்தது. ஞாயிறும் அப்படித்தான்; பாணும் வாழைப்பழமும் மட்டும் குறைந்திருந்தன. கூகிள் மொழிபெயர்ப்பில் என்னென்னவோ தட்டிப் பார்த்தோம். அது திக்ரிஞாவில் எதைச் சொன்னதோ, அவன் தலையை மட்டும் ஆட்டினான். திங்கட்கிழமை மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தபோதுதான் விளங்கியது. அவன் ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவன். அவர்களுக்கு ஜனவரி 7-ஆம் தேதிதான் கிறிஸ்மஸ். அதுவரை நாற்பது நாளைக்கு மேல் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. மற்றக் காலத்திலும் புதனும் வெள்ளியும் விரதம். "எங்கடை கந்தசஷ்டி மாதிரி" என்றாள் மனைவி, பெரிய நிம்மதியோடு. தேங்காய்ப்பாலுக்குத் தடையில்லை என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் குசினியில் எனக்குத்தான் இடமில்லாமல் போனது. அவர்களுடைய ஷிரோ என்பது கடலைமாவில் வைக்கும் குழம்பு; எங்கள் கறித்தூள் போட்டு அதை அவள் வைப்பதுபோல அவன் ஊரில் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது வேலைநாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, அதே இருபது நாளுக்குள் முதல் மீளாய்வுக் கூட்டம், கல்லூரியில் ஆங்கில வகுப்பு, ஒவ்வொரு நாளும் நான் எழுதவேண்டிய நாட்குறிப்பு. நண்பன் வீட்டில் இரவு தங்குவதற்கு யார் அனுமதி கொடுப்பது என்பதற்கும் ஒரு கடதாசி. சோசல் வேர்க்கர் பத்து மாதத்தில் மூன்று தரம் மாறினார். ஒவ்வொருவரும் முதல் நாளில் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கோடையில் யாழ்ப்பாணம் போக நினைத்திருந்தோம். அவனிடம் பயணப் பத்திரம் இல்லை. மனைவி தனியே போய்வந்தாள்.

நாங்கள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய், ஒன்றும். ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) நடத்தும் அகதி நேர்காணலில் பிள்ளைக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. லோயர் வேறொருவரை ஒழுங்குசெய்யலாம் என்றார். அவன் என்னைக் கேட்டான். அப்படிப் போகிறவர் பதில் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருக்கலாம். எரித்திரியாவில் பன்னிரண்டாம் வகுப்பைச் சாவா என்ற இராணுவ முகாமில்தான் படிக்கவேண்டும், அதற்குப் பிறகு முடிவு தேதியில்லாத சேவை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனுடைய சொந்தக் கதையை அன்றுதான் கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன். லிபியா வந்த இடத்தில் நான் ஒரே ஒரு தரம் வாய் திறந்தேன், இடைவேளை கேட்க.

ஐந்து வருட விசா கிடைத்தது. அன்றிரவு அவன் கேட்ட முதல் கேள்வி, அம்மாவைக் கூப்பிடலாமா என்பது. 2025 செப்டம்பர் வரை, பெரியவர் அகதியானால் துணையையும் பிள்ளைகளையும் கூப்பிட விதி இருந்தது. பிள்ளை அகதியானால் பெற்றோரைக் கூப்பிட விதியில் இடமில்லை. இதை லோயர் மூலம் சொல்லவைக்கலாம் என்று நினைத்தேன். கடைசியில் நானே சொன்னேன்.

பதிவில் அவன் பிறந்தநாள் ஜனவரி 1. உண்மையான நாள் அதுவல்ல. அவர்களின் பழைய நாட்காட்டி எங்களுடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது, அதை மாற்றிக் கணக்குப் போடுவதில் குழம்பி, கடைசியில் இப்படி ஒரு தேதி. 2025 ஜனவரி 1-ஆம் தேதி சட்டப்படி பதினெட்டு ஆனது. விரும்பினால் இருபத்தொன்று வரை அதே வீட்டில் தொடர 2014-இல் வந்த சட்டம் ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்டோம்.

எங்களுக்கும் வருடாந்த மீளாய்வு உண்டு. அதில் பிள்ளையின் கருத்தையும் எழுதி வாங்குவார்கள். முதல் வருடக் கடதாசியில் அவன் ஆங்கிலத்தில் தானே எழுதியிருந்தான்: அன்ரியின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு நல்லது. வைஃபை மெதுவாக இருக்கிறது. அங்கிள் காலையில் தமிழ் ரேடியோவைக் கூடச் சத்தமாகப் போடுகிறார், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.