இன்னொரு காட்ரிக்

ஜூலை 6, சனி

பழைய ஆங்கிலக் காவியம் பியோவுல்ஃப் இன்று முடிந்தது, மூன்றாவது தடவை. மொத்தம் 3182 அடி. முன்பெல்லாம் கிரெண்டல் என்ற அரக்கனின் கையைத் தோளோடு பிய்த்தெடுக்கும் இடம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இந்தத் தடவை கடைசிச் சண்டையைத் தாண்டி வர முடியவில்லை.

ஐம்பது வருஷம் ஆண்ட கிழ அரசன் பியோவுல்ஃப் டிராகனோடு மோதப் போகிறான். கூடவே பதினோரு பேர். அவன் வாள் அந்தத் தோலில் இறங்க மறுக்கிறது, நெருப்பு சூழ்கிறது. கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் மட்டும் புகைக்குள் நுழைகிறான். அரசன் பக்கத்தில் நின்று அவன் போரிடுவது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த மரக்கேடயம் எரிந்துபோகிறது. அரசனின் இரும்புக் கேடயத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு சண்டை போடுகிறான். இருவருமாக டிராகனைக் கொன்றுவிடுகிறார்கள், ஆனால் அரசன் பிழைக்கவில்லை. ஓடிய பத்துப் பேரும் வெட்கத்தோடு திரும்பி வரும்போது, விக்லாஃப் களைத்துப்போய் அரசனின் தோளருகே உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் தெளித்து எழுப்பப் பார்க்கிறான். எழுப்ப முடியவில்லை.

இரவு முழுக்க அந்தத் தண்ணீர்தான் கண்ணில் நின்றது. அரக்கர்களை வென்ற கதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இந்தக் கவிதை கேட்பது ஒன்றே ஒன்று: யார் நின்றார்கள், யார் ஓடினார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் வீரக் கவிதைகளை வரிசையாகப் படிக்கப் போகிறேன். படிக்கப் படிக்க இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 10, புதன்

இந்தக் கவிதைகள் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சர் ராபர்ட் காட்டன் சேர்த்த நூலகத்தில் அலமாரிகளின் மேல் ரோமானியப் பேரரசர்களின் தலைச்சிலைகள் இருந்தன. சுவடிகளுக்கு அந்தப் பெயர்களே முகவரி. பியோவுல்ஃப் விட்டெல்லியஸ் அலமாரியில், சர் கவெயின் கவிதை நீரோ அலமாரியில், மால்டன் போர் என்ற கவிதை ஓத்தோ அலமாரியில். 1731 அக்டோபர் 23 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், நூலகம் இருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்தது. கவெயின் தப்பித்தான். பியோவுல்ஃபின் ஓரங்கள் கருகின. அதற்கப்புறம் பல வருஷம் ஓரம் ஓரமாக எழுத்துகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. மால்டன் சுவடி அழிந்தே போனது. நல்லவேளை, தீக்குக் கொஞ்ச காலம் முன்பு அதை ஒருவர் நகலெடுத்திருந்தார். 1726-ல் தாமஸ் ஹெர்ன் அச்சிட்டும் இருந்தார். அப்படி மிஞ்சியதுதான் 325 அடி. முதலும் முடிவும் அதற்கு முன்பே தொலைந்துவிட்டன.

தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரரையும் சொல்ல வேண்டும். 1780-களில் லண்டன் வந்து பியோவுல்ஃபை நகலெடுத்துக்கொண்டு கோபன்ஹேகன் திரும்பினார். 1807-ல் பிரிட்டிஷ் கப்பற்படை அந்த நகரைக் குண்டு போட்டுத் தாக்கியபோது அவர் வீடு எரிந்தது. இருபது வருஷ உழைப்பு அதோடு போயிற்று. நகல்கள் மட்டும் தப்பின. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். 1815-ல் பியோவுல்ஃப் முதன்முதலாக அச்சேறியது. சுவடியில் உதிர்ந்துபோன பல எழுத்துகளை இன்று நாம் படிப்பது இந்த நகல்களை வைத்துத்தான். அவரும் நின்ற ஆள்தான்.

ஜூலை 14, ஞாயிறு

மால்டன் போர். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து படித்தேன்.

991 ஆகஸ்ட், எசெக்ஸ் கடற்கரை. வைக்கிங் கடற்கொள்ளையர்கள் ஒரு தீவில் இறங்கியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் எசெக்ஸின் தலைவர் பிர்ட்நாத் தன் ஆட்களோடு வந்து நிற்கிறார். தலைமுடி நரைத்தவர். மிஞ்சியிருக்கும் முதல் வரிகளிலேயே குதிரைகளை விரட்டிவிட்டு நடந்து வரச் சொல்கிறார். அங்கே பெயர் சொல்லப்படாத ஓர் இளைஞன். தலைவர் கோழைத்தனத்தைப் பொறுக்க மாட்டார் என்று அவனுக்குப் புரிகிறது. ஆசையாக வைத்திருந்த வல்லூறைக் கையிலிருந்து காட்டுப் பக்கம் பறக்க விட்டுவிட்டுப் போருக்கு நடக்கிறான். ஒரு பறவையைக் கைவிட்டதை வைத்தே, அவன் திரும்பி வரப் போவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எழுதியவர் யாரென்றே தெரியாத கவிஞர், என்ன கை அது!

பொன் கொடுத்தால் போய்விடுகிறோம் என்கிறான் வைக்கிங் தூதன். கப்பமாக ஈட்டிகளைத் தருகிறேன் என்கிறார் பிர்ட்நாத். ஆனால் இடையில் கடல் ஏறி நிற்கிறது, மோத வழியில்லை. வற்றியதும் ஒரு குறுகிய பாதை தலைகாட்டுகிறது. அதை மூன்றே பேர் மறித்து நிற்கிறார்கள். ஒருவனும் கடக்க முடியவில்லை. எங்களைக் கரைக்கு வர விடு, நேருக்கு நேர் மோதலாம் என்று வைக்கிங்குகள் கேட்கிறார்கள். பிர்ட்நாத் விட்டுவிடுகிறார். கவிஞர் இங்கே போடும் சொல் 'ஓஃபெர்மோட்'. மிதமிஞ்சிய மனசு. அது செருக்கா, பெருந்தன்மையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் செருக்கு என்றே படுகிறது. அவரை நேசிக்கிற கவிஞர் அதை மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பெரிது.

பிர்ட்நாத் விழுகிறார். உடனே ஓடுகிறான் ஒட்டாவின் மகன் காட்ரிக். எத்தனையோ குதிரைகளைப் பரிசாகத் தந்த தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். குதிரையைப் பார்த்தவர்கள் தலைவரே போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போய்விடுகிறார்கள். படை உடைந்தது வைக்கிங் வாளால் அல்ல, அந்தக் குதிரையால்.

மிச்சம் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பேசிவிட்டுச் சாகிறார்கள். பிரபு மகனும் பேசுகிறான், டன்னெர் என்ற எளிய குடியானவனும் பேசுகிறான். கடைசியில் பிர்ட்வோல்ட் என்ற கிழவர். நான் இப்படிப் போட்டுப் பார்த்தேன்:

வலு குறையக் குறைய
மனம் உறுதிப்படட்டும்,
நெஞ்சு கூர்மைப்படட்டும்,
துணிவு பெருகட்டும்.

ஜூலை 16, செவ்வாய்

பிர்ட்வோல்டின் அடிகளை மூலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் அடியில் ஹியே, ஹெயர்ட்ரா, ஹெயோர்ட்டே. அடுத்த அடியில் மோட், மாரே, மாயென். நம் மோனையேதான்! பழைய ஆங்கிலத்தில் அடி இரண்டு பாதியாக உடைந்து நிற்கும், மோனைதான் இரண்டையும் கட்டிப்போடும். இறுதி இயைபு அதற்குத் தேவையே இல்லை. எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனையாகும் என்பது மட்டும் நம் காதுக்குப் புதிது.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய ஆங்கில, ஜெர்மானியப் பாடல்களையும் கிரேக்கக் காவியங்களையும் பக்கத்தில் வைத்து 'வீரயுகம்' என்ற கருத்தை 1912-ல் விரிவாக எழுதியவர் எச். எம். சாட்விக். அந்த வழியில் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்துக் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேட்டுக் களத்தில் பிணம் பிணமாகப் புரட்டித் தேடும் புறநானூற்றுத் தாய்க்கு ஒட்டாவின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

கவெயின், ஆர்தர் அரசனின் வீரன். பச்சை வீரனின் தலையை ஒரு பந்தயத்தில் வெட்டியவன், வாக்குக் கொடுத்தபடி பதில் வெட்டு வாங்கப் போகிறான். பச்சை வீரன் கோடரியை ஓங்கும்போது கவெயினின் தோள் ஒரு நொடி சுருங்குகிறது. உயிர்மேல் ஆசைப்பட்டு, உயிரைக் காக்கும் என்று நம்பி, ஒரு பச்சைக் கச்சையை மறைத்து வைத்ததற்காகக் கழுத்தில் ஒரு சிறு கீறல், அவ்வளவுதான் தண்டனை. சாகும்வரை அந்தக் கச்சையை அவமானச் சின்னமாக அணிகிறான். ஓடவும் இல்லை, முழுசாக நிற்கவும் இல்லை. இத்தனை நுட்பமாக ஒரு பயத்தை எடைபோட்ட கவிதை வேறு எங்கே இருக்கிறது?

ஜூலை 23, செவ்வாய்

மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை எடுத்ததும் எல்லோரும் சாத்தானைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்துக்கொண்டவன் அப்தியேல். சாத்தான் தன் சேனையைத் திரட்டிக் கலகத்துக்கு அழைக்கும் இரவில், அத்தனை பேருக்கு நடுவே எழுந்து முடியாது என்று சொல்லும் ஒரே ஒரு தேவதூதன். ஏளனத்துக்கு நடுவே, கூட்டத்தைக் கடந்து தனியாக வெளியே நடக்கிறான். இங்கே விலகிப் போகிறவனே நின்றவன். என் கேள்வியை மில்டன் புரட்டிப் போட்டுவிட்டார்.

சும்மா புரட்டவில்லை. 1660-ல் இங்கிலாந்தில் முடியாட்சி திரும்பியதும், அதை எதிர்த்து எழுதிய அவர் புத்தகங்களை எரித்தார்கள், அவரையும் கொஞ்ச நாள் சிறையில் வைத்தார்கள். அதற்கு முன்பே இரண்டு கண்ணும் போய்விட்டது. இளவயதில் ஆர்தர் அரசனைப் பாட நினைத்தவர், ஒன்பதாம் காண்டத்தின் தொடக்கத்தில், இதுவரை போர்களையே வீரம் என்று பாடினார்கள், பொறுமையின் வீரத்தை யாரும் பாடவில்லை என்கிறார். 1667-ல் கையெழுத்துப் பிரதிக்குக் கைக்கு வந்த முன்பணம் ஐந்து பவுண்டு.

ஜூலை 27, சனி

அப்பா போன் பண்ணினார். என்னம்மா வாசிக்கிறே என்றார். சொன்னேன். உடனே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கவிதையை எடுத்துவிட்டார்: எரியும் கப்பல் தளத்தில் தனியாக நிற்கும் பையன். ஃபெலிஷியா ஹெமன்ஸின் காஸபியாங்கா, 1826. முதல் நான்கு வரியும் பிசிறில்லாமல் வந்தன. அப்புறம் தொண்டை கட்டிக்கொண்டது.

1798-ல் நைல் போரில் நெல்சனின் படை அழித்த பிரெஞ்சுக் கப்பல் லோரியாங். அதன் தளபதியின் மகன் அந்தப் பையன். அப்பா சொல்லாமல் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நிற்கிறான். அப்பா கீழே இறந்து கிடப்பது அவனுக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் பிள்ளைகள் ஒப்பித்த வீரன் எதிரி நாட்டுப் பிள்ளை.

"நான் உன்னை அப்படி நிக்கச் சொல்லியிருக்க மாட்டேம்மா" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 1, வியாழன்

டென்னிசனின் குரலைக் கேட்டேன். 1890-ல், எண்பது வயதில், மெழுகு உருளையில், லைட் பிரிகேட் என்ற குதிரைப்படையைப் பற்றிய கவிதையை அவரே வாசித்த பதிவு. ஒரே இரைச்சல். அதற்கு அடியிலிருந்து ஒரு கிழக்குரல் குதிரைக் குளம்பின் தாளத்தில் ஏறி ஏறி வருகிறது. மூன்று தடவை கேட்டேன்.

1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்லாவா. தவறான உத்தரவு. ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் பீரங்கிகளை நோக்கிப் போனார்கள். பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு எழுதிய கவிதை டிசம்பர் 9 அன்று வெளியாகிவிட்டது. யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்ற வரியை 1855-ல் தொகுப்பில் சேர்க்கும்போது டென்னிசன் எடுத்துவிட்டார். களத்திலிருந்த சிப்பாய்களுக்கு அனுப்பிய அச்சில் மறுபடி சேர்த்தார். சேர்த்தது நல்லது. மால்டன் கவிஞருக்கு 'ஓஃபெர்மோட்' எப்படியோ, இவருக்கு அந்த வரி அப்படி. ஆனால் மால்டனில் நிற்பதா ஓடுவதா என்று ஒவ்வொருவனும் தானே முடிவு செய்து பேசுகிறான். இங்கே அறுநூறு பேரில் ஒருவனுக்கும் பெயர் இல்லை, பேச்சும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

1914-ல் இதே தேதியில்தான் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. இன்று, அந்தப் போரில் சிப்பாயாக இருந்த கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன்.

விஷவாயுவில் முகமூடி மாட்ட நேரமில்லாமல் போன ஒருவன், முகமூடியின் மங்கலான கண்ணாடி வழியே, பச்சை ஒளியில், கடலுக்கடியில் மூழ்குவதுபோல் தெரிகிறான். நாட்டுக்காக இறப்பது இனிது என்ற ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பழைய வரியைப் பொய் என்கிறார் ஓவன். தொகுப்புக்காக எழுதி வைத்த முன்னுரைக் குறிப்பில், இது வீரர்களைப் பற்றிய புத்தகம் அல்ல, அவர்களைப் பற்றிப் பேச ஆங்கிலக் கவிதைக்கு இன்னும் தகுதி வரவில்லை என்கிறார். வீரத்தை மறுத்தவர் என்று அவரைச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பேச்சுக்குத்தான் தகுதியில்லை என்றார். அவரே 1918-ல் பிரான்சுக்குத் திரும்பிப் போனவர். நவம்பர் 4 அன்று ஓர்ஸ் ஊரில் கால்வாயைக் கடக்கும்போது இறந்தார். தந்தி வீட்டுக்கு வந்தது நவம்பர் 11, போர் முடிந்த நாள்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

மால்டன் போனேன். லண்டனிலிருந்து செல்ம்ஸ்ஃபோர்டுவரை ரயில், அங்கிருந்து பஸ். ஆற்றோரம் பூங்கா தாண்டி, வாளை உயர்த்திய பிர்ட்நாத்தின் வெண்கலச் சிலை, 2006-ல் வைத்தது. அதைக் கடந்து கரையோரமாக நடந்தால் எதிரே நார்தி தீவு. சண்டை நடந்த இடம் இதுதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

தீவுக்குப் போகும் பாதை சேறு பூசிக்கொண்டு கிடந்தது. கடல் ஏறும்வரை காத்திருக்க முடிவு செய்தேன். முதலில் இரண்டு பக்கமும் சேற்றில் மெல்லிய பளபளப்பு. அப்புறம் இடப்பக்கம் ஒரு நாக்கு, வலப்பக்கம் ஒரு நாக்கு. நடுவில் இரண்டும் தொட்டன. சத்தமே இல்லை. நீரோட்டங்கள் பூட்டிக்கொண்டன என்று கவிதையில் ஒரு வரி வரும். கவிஞரின் அணி என்று நினைத்திருந்தேன். கண்ணால் பார்த்தது அப்படியே எழுதியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாதை இருந்த சுவடே இல்லை.

மூன்று பேர் மறித்தால் போதும், அவ்வளவு குறுகலான இடம். விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று அங்கே நின்றபோது மனசு அடித்துக்கொண்டது. அந்த வருஷமே ஆங்கிலேயர் வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு கப்பம் கட்டினார்கள். பிர்ட்நாத்தின் தலையை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள் வைக்கிங்குகள். உடலைத்தான் ஈலி மடத்துத் துறவிகள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பாவுக்குப் போனில் மால்டனின் கடைசி அடிகளைத் தமிழில் சொன்னேன். கிழவர் பேசி முடித்தபின் காட்ரிக் என்று ஒருவன் முன்னால் பாய்கிறான். ஈட்டியை எறிகிறான், வெட்டிக்கொண்டே போகிறான், விழும்வரை போகிறான். போரை விட்டு ஓடினானே, அந்தக் காட்ரிக் அல்ல இவன் என்று ஒரு வரி.

"இவன் யாரு மகன்?"

"ஏத்தல்கார் மகன்ப்பா."

"ரெண்டு பேரோட அப்பா பேரையும் சொல்லிட்டாரா! சரி, அப்புறம்?"

"அவ்வளவுதான்ப்பா. அடுத்த தாள் இல்லை."