திரும்பும் எக்ஸல் வைத்த ட்ரெயிலர்: ஹட்டன் வீதிக்கு ஏற்றும் வரை பட்ட பாடு

கடைசி எக்ஸல், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, தானாகத் திரும்பும் ட்ரெயிலர் மலைவீதிக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முன்னால் போகும்வரை நல்லது. பின்னால் எடுக்க வேண்டி வந்தால்தான் கதை மாறும். அதைவிட, அந்த எக்ஸல் என்னவென்று வாகனப் பரிசோதனை ஆபீஸில் புரியவைப்பதற்குள் நமக்கு வயது கூடிவிடும்.

நானும் மச்சானும் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் லொறித் தொழில் செய்கிறோம். தேயிலை பெக்டரிகளுக்கு இயந்திரம், உரம் என்று மேலே ஏற்றுவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது யார்டில் கிடந்த பழைய சாமானுக்கே பவுன் விலை வந்தது. அப்படித்தான் கொழும்புப் பக்கம் ஒரு யார்டிலிருந்து 40 அடி ட்ரெயிலர் ஒன்று வந்தது. மூன்று எக்ஸல், முதல் இரண்டும் சாதாரணம், மூன்றாவது திரும்புவது. பேரம், லோன், கையெழுத்து எல்லாம் சுமுகமாக முடிந்தது.

வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் பின் எக்ஸலை ஜாக்கில் தூக்கச் சொல்லி டயரைக் கையால் தள்ளினார். டயர் திரும்பியது. “இது லூஸ். புஷ் போட்டுக்கொண்டு வாங்க” என்றார். மச்சான், “சேர், இது திரும்பத்தான் வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்” என்றார். “ட்ரெயிலரில் யார் ஸ்டியரிங் பிடிக்கிறது?” என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, ‘ஸ்டியரிங் மாற்றம்’ என்று தாளில் எழுதிவிட்டார். அந்த வார்த்தைதான் எங்களைப் பிடித்து ஆட்டியது. கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்ததும், வாகனத்தில் மாற்றம் செய்திருக்கிறீர்கள், பொறியியலாளர் கடிதம் வேண்டும், அதுவும் சிங்களத்தில், மூலப்பிரதியாக வேண்டும் என்றார். தமிழில் தந்தால் ஏன் ஆகாது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அந்தக் கவுன்டர்காரர் லீவு. பக்கத்து மேசைக்காரர் அந்தக் கோப்பைத் தொடவே மாட்டேன் என்றார். அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

தீர்ந்தது எப்படியென்றால், அடுத்த முறை பேச்சைக் குறைத்துக்கொண்டோம். கொஞ்சம் வயதான அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். மச்சான் பிரைம் மூவரை (ட்ரெயிலரை இழுக்கும் லொறித் தலை) பூட்டி முற்றத்தில் மெதுவாக ஒரு வட்டம் அடித்துக் காட்டினார். அந்த மனிதர் குனிந்து, பின் டயர் தன்பாட்டில் வளைந்துகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். பிறகு வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார்: மூன்று எக்ஸல். தரையைப் பார்த்தார்: மூன்று எக்ஸல். “இதில் மாற்றம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆகவே, எக்ஸல் எண்ணிக்கையும் சேஸி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதை வாங்கும்போதே பாருங்கள். ‘மாற்றம்’ என்ற சொல்லை நீங்களாக வாயில் எடுக்காதீர்கள்.

அடுத்தது உதிரிப்பாகம். இந்த எக்ஸலில் லொறி முன்சக்கரம் போலவே கிங்பின் (சக்கரம் இதைச் சுற்றித்தான் திரும்பும்), அதைச் சுற்றி வரும் புஷ், இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் டை ரொட் எல்லாம் உண்டு. சாதாரண ட்ரெயிலர் எக்ஸலில் இல்லாத செலவு இது. எக்ஸலின் பாரமும் கூடத்தான், அந்த அளவுக்கு லோட்டைக் குறைக்க வேண்டும். கிங்பின் புஷ் செட் தேடிக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கடைக்காரர் பழைய புஷ்ஷைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “எக்ஸல் நம்பர் சொல்லுங்க அண்ணே” என்றார். பி.பி.டபிள்யூ. என்று எக்ஸல் கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, அதே கம்பெனியில் பல வகை இருக்கிறது. நம்பர் தகடு எக்ஸலிலேயே இருக்கும், ஆனால் யார்டுக்காரர் புதுசாகக் காட்ட அதன்மேல் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். ஒரு பயணம் வீண். தின்னர் போட்டுத் தேய்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு மறுபடி போனால் அதே கடையில் கொஞ்ச நேரத்தில் சாமான் கையில்.

இனி முக்கியமானது, லொக். இந்த வகை எக்ஸலை யாரும் திருப்புவதில்லை. கிங்பின்னுக்குக் கொஞ்சம் பின்தள்ளித்தான் டயர் தரையைத் தொடுகிறது, அதனால் வளைவில் தரை தள்ளுகிற பக்கம் சக்கரம் தானாகத் திரும்பும். கடை வண்டியின் சில்லு தள்ளுகிற பக்கம் திரும்பிக்கொள்கிறதே, அதே கணக்கு. அப்படியே பின்னால் எடுத்தால் சக்கரம் தலைகீழாகத் திரும்பி ஒரு பக்கம் முட்டி நிற்கும், ட்ரெயிலர் நினைக்காத பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ரிவர்ஸுக்கு முன் சக்கரத்தை நேராக்கி லொக் பண்ண வேண்டும். எங்களுடையது காற்றில் லொக் ஆவது. ரிவர்ஸ் லைட் எரிந்தால் வால்வு வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த லைட் எரியவே இல்லை. கராஜ் மெக்கானிக் வால்வைக் கழற்றி, காற்றுக் குழாயைக் கழற்றி எல்லாம் பார்த்துவிட்டார். கடைசியில் பார்த்தால் வால்வில் ஒன்றும் இல்லை. ட்ரெயிலர் லைட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்க எங்கள் பிரைம் மூவரில் இருந்தது ஒரே ஒரு ஏழு பின் (pin) சொக்கெட், 24 வோல்ட் சாதாரண வகை. அதில் ரிவர்ஸ் லைட்டுக்கென்று ஒரு பின்கூடக் கிடையாது. ஐரோப்பிய வண்டிகளில் அதன் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு ஏழு பின் சொக்கெட் இருக்கும், அல்லது இரண்டையும் சேர்த்த பதினைந்து பின் சொக்கெட் இருக்கும். ரிவர்ஸ் வயர் அந்த வழியாகத்தான் போகிறது. இரண்டாவது சொக்கெட் பூட்டி வயர் இழுத்ததோடு, கேபினுக்குள் தனியாக ஒரு சுவிட்சும் ஒரு சின்ன லைட்டும் வைக்கச் சொன்னோம். லொக் விழுந்திருக்கிறதா என்று டிரைவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும்.

சரி, வீதிக்கு வருவோம். அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைப் பக்கம் ஏறத் தொடங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. பழைய ட்ரெயிலர் ஒடுங்கிய வளைவில் உள்பக்கம் வெட்டிக் கானை நோக்கிப் போகும், பின் டயர் தேய்ந்து கிறீச்சிடும், தாரில் கறுப்புக் கோடு விழும். இதில் அந்தச் சத்தம் இல்லை. கடைசி எக்ஸல் வழிவிடுவதால் ட்ரெயிலர் சுழலும் இடம் முன்னுக்கு வருகிறது, அதாவது ட்ரெயிலர் கொஞ்சம் குட்டையானதாக நடந்துகொள்கிறது. டயர் காசு மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான்.

ஆனால் அதே காரணத்தால் வால் வெளியே அதிகம் வீசும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓடுகிறோம். இடது வளைவில் திரும்பும்போது அந்த வால் வலப்பக்கம், எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் போகும். தலவாக்கலை டவுனில் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் எங்களைப் பார்த்துத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நியாயமான திட்டு.

எனக்குப் பெரிதாகப் படுவது இதைவிட வேறொன்று. கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் போய், இரண்டாம் தரம் வெட்டி எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? லொக் ஊசி விழச் சக்கரம் நேராக இருக்க வேண்டும். நீங்களோ வளைவின் நடுவில் நிற்கிறீர்கள். நேராக்க முன்னால் போக வேண்டும், முன்னால் மண்மேடு. சாதாரண ட்ரெயிலர் என்றால் அப்படியே ரிவர்ஸ் போட்டிருக்கலாம். ரம்பொடைப் பக்கம் பெக்டரி வீதியொன்றில் மச்சான் இப்படி மாட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் கல் வைத்து, சாணளவு சாணளவாக முன்னால் நகர்த்தித்தான் லொக்கைப் பிடித்தார். லொக் விழுந்த பிறகு அது சாதாரண மூன்று எக்ஸல் ட்ரெயிலர்தான், ரிவர்ஸில் எந்தச் சலுகையும் இல்லை. பெக்டரி முற்றத்துக்குள் பின்னால் நுழைவது முன்போலவே கஷ்டம்.

பின்னாலும் திரும்புகிற வகை இருக்கிறது. ட்ரெயிலரைக் கொளுவும் தட்டிலிருந்து கம்பியோ ஹைட்ரோலிக்கோ போட்டு எக்ஸலைத் திருப்புவது. பெரிய பார வண்டிகளில் பார்க்கலாம். விலையும் கூட, அதைச் சரியாக அளந்து பூட்ட ஹட்டன் பக்கம் எனக்குத் தெரிந்து ஆள் இல்லை.

மழையில் காலி ட்ரெயிலரோடு இறங்கும்போது நாங்கள் லொக்கைப் போட்டுவிடுவோம். திரும்பும் எக்ஸல் பக்கவாட்டில் பிடித்துக்கொடுக்காது, வழுக்குகிற வீதியில் வால் ஆடும். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள், பாரத்தோடு அடித்தால் கீழ்ப்பக்கம் இறங்காது. எக்ஸல் திரும்புகிறதே என்று நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதிப் பக்கம் போய்விடாதீர்கள், அங்கே கனரக வாகனங்களுக்குத் தடை.

பொறியியலாளர் கடிதத்தைக் கடைசியில் யாரும் வாசிக்கவே இல்லை. கோப்பில் போட்டு வைத்துக்கொண்டார்கள், கேட்டும் திருப்பித் தரவில்லை. அடுத்த பரிசோதனையில் வேறொருவர் டயரைத் தள்ளிப் பார்ப்பார். அதற்காகப் பிரதி எடுத்து லெமினேட் பண்ணி டாஷ்போர்டில் வைத்திருக்கிறோம்.