மகள் விட்ட பியானோ, நான் எழுதிய மூன்றாம் கிரேடு

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு வருடத்தில் மகள் பியானோவுக்கு முழுக்குப் போட்டாள். பியானோத் தேர்வில் மூன்றாம் கிரேடு வரை முடித்திருந்தாள். அதன்பிறகு நான்கு வருடம் அந்தப் பியானோ எங்கள் செங்காங் வீட்டு ஹாலில் துணி போர்த்திக்கொண்டு, மேலே நாள்காட்டியையும் மின்கட்டணக் கடிதங்களையும் சுமந்துகொண்டு நின்றது. விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் ஆள் விசாரிக்கத் தொடங்கிய அன்றுதான், "இருங்க, நான் கத்துக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

மகளுடைய பழைய ஆசிரியரிடமே சேர்ந்தேன். ஒன்றரை வருடம் கழித்து, 2017இன் இரண்டாம் பாதியில், பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் மூன்றாம் கிரேடு எழுதலாம் என்றார். நேராக மூன்றாவதா என்று கேட்டேன். ஐந்து வரை எந்தக் கிரேடையும் நேராக எழுதலாமாம், ஆறிலிருந்துதான் தியரி என்கிற இசைக் கோட்பாட்டுத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்க வேண்டுமாம்.

சரி, புத்தகத்துக்கு ஏன் காசு என்று நினைத்தேன். வீட்டில்தான் ஒரு கட்டு இருக்கிறதே. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் மகளுடைய மூன்றாம் கிரேடு தேர்வுப் புத்தகம் எப்போதோ காலாவதி. அப்போதெல்லாம் பாடத்திட்டம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும், எந்த இரண்டு வருடம் என்பது அட்டையிலேயே பெரிதாக இருக்கும். அது தெரிந்தும், இணையத்தில் ஐந்து வெள்ளிக்குக் கிடைத்த வேறொரு பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து மூன்று வாரம் வாசித்தேன். ஆசிரியர் ஒருநாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 2015, 2016. ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மூன்று வாரம் போச்சு.

மறுநாளே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். பழைய புத்தகக் கடை, ஓவியச் சாமான் கடை, இசைப் புத்தகக் கடை எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடம். தேர்வுப் புத்தகத்தில் ஏ, பி, சி என்று மூன்று பட்டியலிலிருந்தும் மும்மூன்றாக ஒன்பது உருப்படி இருக்கும், பட்டியலுக்கு ஒன்று வாசிக்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத மாற்று உருப்படிகளும் பாடத்திட்டத்தில் உண்டு. அவற்றை வேறு தொகுப்பில் தேடி வாங்க வேண்டும். ஒன்றுக்காக முழுத் தொகுப்பு வாங்குவானேன், நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேர்வறைக்கு நகல் எடுத்துப்போகக் கூடாது, அச்சிட்ட புத்தகம்தான் வேண்டும் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒன்பதுக்குள்ளேயே தேர்ந்துகொண்டேன்.

கடையில் இன்னொரு சபலம். இசையமைப்பாளர் பாக் தன் இரண்டாவது மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, அதன் ஹென்லே என்ற பதிப்பகத்தின் பதிப்பு, நீலச் சாம்பல் அட்டையில். இருபது வெள்ளிக்கு மேல். வாங்கிவிட்டேன். அதில் வரும் ஜி மேஜர் மினுவெட் என்கிற நடன உருப்படி, வீட்டில் மகளுடைய பழைய தொகுப்பிலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் மேலே 'பாக்' என்று போட்டு, வளைகோடு, மெதுவாக, பலமாக, படிப்படியாக ஏற்று என்று வரிக்கு வரி கட்டளை. புதியதில் விரல் எண்களைத் தவிர ஒன்றுமே இல்லை, வெறிச்சென்று இருக்கிறது. அந்த வளைகோடும் பலமும் எல்லாம் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. போதாக்குறைக்கு, அந்த மினுவெட் பாக் எழுதியதே இல்லையாம், கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பவருடையதாம். என் மகள் அதை ஒரு வருடம் 'பாக்' என்று சொல்லி வாசித்தாள். ஆனால் ஆரம்ப மாணவிக்கு அந்த வெறும் பக்கம் பெரிய உதவியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கே மூச்சு விடுவது என்று யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது.

ஹேனன் பயிற்சிப் புத்தகமும் வாங்கினேன், அறுபது பயிற்சி. சரளி வரிசை மாதிரிதான், ஆனால் சரளி வரிசையை அம்மா அடுப்படியிலிருந்தே திருத்துவார், இதைத் திருத்த யாரும் இல்லை. பத்தோடு நிறுத்திவிட்டேன்.

என்னை உண்மையில் படுத்தியது சைட் ரீடிங். முன்பின் பார்த்திராத சில வரியைக் கையில் கொடுப்பார்கள், அரை நிமிடம் பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் வாசிக்க வேண்டும். இதற்கென்றே ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். இரண்டு வாரத்தில் நன்றாக வாசிக்க வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். வகுப்பில் ஆசிரியர் வேறொரு தாளை நீட்டினார். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. விஷயம் இதுதான்: அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருமுறை வாசித்ததுமே அது சைட் ரீடிங்குக்குச் செத்த பக்கம்.

அப்படியானால் தினமும் புதிய பக்கம் வேண்டும். எத்தனை புத்தகம் வாங்குவது? அப்போது எஸ்பிளனேட் கலை அரங்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கலை நூலகம் இருந்தது. அங்கே இசைக்குறிப்புப் புத்தகங்களை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம், மூன்று வாரத் தவணை. எனக்கு எட்டுகிற நிலைக்கும் ஒரு படி கீழாகப் பார்த்து எடுத்தேன். பார்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸ் முதல் இரண்டு தொகுதி, ஷூமன் குழந்தைகளுக்காக எழுதிய தொகுப்பிலிருந்து முதல் சில, இப்படி. ஒரு நாளைக்கு மூன்று பக்கம், தலா ஒரே ஒருமுறை, தப்பினாலும் நிற்காமல். திருப்பிக் கொடுக்க நாள் இருப்பதே ஒரு வசதி, இரண்டாம் முறை வாசிக்கத் தோன்றாது.

அப்புறம்தான் பரணில் இருந்த கட்டு ஞாபகம் வந்தது. மகளுடைய முதல், இரண்டாம் கிரேடுப் புத்தகங்கள். தேர்வுக்குக் காலாவதிதான், ஆனால் எனக்கு ஒவ்வொன்றிலும் பார்க்காத ஒன்பது உருப்படி! ஓரங்களில் ஆசிரியர் பென்சிலால் போட்ட வட்டங்கள், நட்சத்திர ஸ்டிக்கர், ஒரு மூலையில் மகள் வரைந்த பூனை. நான் தடுக்கிய அதே இடத்தில் அவளுக்கும் வட்டம் போட்டிருந்தது. இணையத்தில் யார் யாரோ ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக்குத் தள்ளிவிடும் பழைய கிரேடு புத்தகங்களையும் வாங்கிக் குவித்தேன். இந்த முறை அட்டையில் எந்த வருடம் இருந்தாலும் கவலையில்லை.

தேர்வறையில் எனக்கு முன் ஒரு சிறுமி, பின் ஒரு சிறுவன். நூற்றைம்பதுக்கு நூறு எடுத்தால் தேர்ச்சி. எனக்கு நூற்றுப் பதினொன்று. சைட் ரீடிங்கில் இருபத்தொன்றுக்குப் பதினேழு. ஸ்கேலில், அதாவது சுர வரிசை வாசிப்பதில், பன்னிரண்டு, அதைக் கேட்காதீர்கள்.

போன மாதம் வீட்டுக்காரர் அந்தப் பழைய புத்தகக் கட்டைப் படம் பிடித்து, பத்து வெள்ளி என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார். உடனே ஆள் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் விளம்பரத்தை எடுத்தேன். பூனை வரைந்த புத்தகத்தில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருக்கிறது.