விறகடுப்பு இருந்த இடத்தில் பெலெற் அடுப்பு: புகைக்கு வழி செய்த அனுபவம்

ஸ்காபரோவில் அடுக்குமாடியிலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 2023 இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோவின் பீற்றர்பரோவுக்கு அருகே ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினோம். கூடத்தின் மூலையில் வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்று இருந்தது. வீட்டைப் பார்த்த அன்றே என் மனைவிக்கு அது பிடித்துப்போனது. காப்புறுதி நிறுவனத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. விறகுச் சாதனங்களைப் பரிசோதிக்க 'வெற்' சான்றிதழ் பெற்ற ஒருவரின் அறிக்கை இல்லாமல் வீட்டை ஏற்க முடியாது என்றார்கள்.

வந்த பரிசோதகர் புகைபோக்கிக்குள் கமெராவை இறக்கி, அதன் திரையை எனக்கும் காட்டினார். களிமண் உட்குழல் இரண்டு இடங்களில் வெடித்திருந்தது. சுவரெங்கும் கரிப்பிசின் கண்ணாடிபோல் மினுங்கியபடி இறுகியிருந்தது. அடுப்பிலிருந்து செல்லும் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் அருகிலிருந்த மர அலுமாரிக்கும் இடையே 18 அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் 11 அங்குலமே இருந்தது. திருத்தும்வரை நெருப்பு மூட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். விறகு பிளக்க என் தோள்மூட்டும் இனி ஒத்துழைக்காது என்பதால், திருத்துகிற செலவோடு செலவாக, அழுத்திய மரத்தூள் குளிகைகளை எரிக்கும் பெலெற் அடுப்புக்கு மாறிவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

வீட்டு வேலைகள் செய்து தரும் தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணை, ஆறு அங்குலக் குழாயை மூன்றாக்கி அந்த ஓட்டைக்குள்ளேயே சொருகிவிடலாம், பின்னேரத்துக்குள் முடிந்துவிடும்" என்றார். எரிவாயுச் சாதனங்களுக்குப் போடும் 'பி' வகைக் குழாய் இரண்டு துண்டும் அவருடைய வாகனத்தில் மிச்சமாகக் கிடந்தது. அரை மனதாக நானும் சம்மதித்துத்தான் இருந்தேன். அடுப்பு விற்ற கடையிலிருந்து அளவெடுக்க வந்தவர் அந்தக் குழாயைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு, ஏன் கூடாது என்பதை அரை மணி நேரம் நின்று விளக்கினார்.

விறகடுப்பில் சூடான புகை தானாகவே மேலே ஏறுகிறது. அது ஏறும்போது குழாய்க்குள் அமுக்கம் அறையைவிடக் குறைவாக இருப்பதால், மூட்டுகளில் சிறு இடைவெளி இருந்தாலும் பெரும்பாலும் அறைக் காற்றுத்தான் உள்ளே இழுபடும். பெலெற் அடுப்பிலோ ஒரு மின்விசிறி புகையைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அங்கே குழாய்க்குள் அமுக்கம் அறையைவிடக் கூடுதலாகிவிடுவதால், ஊசித் துளை இருந்தாலும் அதன் வழியே புகையும் மணமற்ற காபனோரொட்சைட்டும் வீட்டுக்குள் வரும். ஆகவேதான் இதற்கென்றே செய்யப்பட்ட, உள்சுவர் துருப்பிடிக்காத உருக்கினாலான இரட்டைச் சுவர் 'பி.எல்.' குழாயைப் போட்டு, ஒவ்வொரு மூட்டையும் அடைக்கச் சொல்கிறார்கள். 'பி' வகைக் குழாயின் உட்சுவர் அலுமினியம். அது எரிவாயுவுக்கு ஆனது, சாம்பலோடு வரும் இந்தப் புகைக்கு ஆனதல்ல.

பழைய புகைபோக்கிக்குள் சொருகி விடுவதிலும் வேறொரு கேடு இருந்தது. பெலெற் புகை விறகுப் புகையளவு சூடானதல்ல. வீட்டின் வடக்குச் சுவருக்கு வெளியே குளிரில் நிற்கும் அகன்ற செங்கற் கூண்டுக்குள் அதை விட்டால், பாதி வழியிலேயே ஆறி, நீராவி சுவரில் வியர்த்து, சாம்பலோடு குழைந்து கீழே இறங்கும். வெடித்த உட்குழலை அந்த ஈரம் இன்னும் அரித்துவிடும்.

சுவரைத் துளைத்து நேரே வெளியே விடுவதுதான் மலிவான வழி என்பதால் முதலில் அதையே பார்த்தோம். அடுப்புக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அளவுநாடாவுடன் வீட்டைச் சுற்றி வந்தோம். திறக்கக்கூடிய யன்னலுக்குப் பக்கவாட்டிலோ கீழேயோ குழாய் முனை வந்தால் 4 அடி, எரிவாயு மானிக்கு 3 அடி, தரைக்கு மேல் குறைந்தது ஓர் அடி என்று கேட்டது கையேடு. தரை என்றால் புல்தரையல்ல, குவியும் பனியின் மேல்மட்டம் என்று அளவெடுக்க வந்தவர் நினைவூட்டினார். எங்கள் கூடத்துக்கு வெளியே ஒருபுறம் எரிவாயு மானியும் மறுபுறம் யன்னலும் நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் எஞ்சிய துண்டில்தான் கூரையிலிருந்து வழுக்கும் பனி முழுவதும் வந்து விழும். ஆக, புகைபோக்கியையே பயன்படுத்துவது, அதற்குள் அடிமுதல் நுனிவரை உருக்கு உட்குழாய் இறக்குவது என்று முடிவாயிற்று.

உட்குழாயின் அகலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். செங்குத்தாகச் செல்லும் ஒவ்வோர் அடியும் அரை அடியாகவும், கிடையாகச் செல்வது அடிக்கு அடியாகவும், 90 பாகை வளைவோ 'டி' இணைப்போ ஒவ்வொன்றும் 5 அடியாகவும் எண்ணப்படும். எங்களுக்கு 18 அடி ஏற்றத்துக்கு 9, கிடைக்கு 2, ஒரு 'டி', ஒரு வளைவு என்று கூட்டினால் 21. கூட்டுத்தொகை 15 ஐத் தாண்டினால் 3 அங்குலம் போதாது, 4 அங்குலம் வேண்டும். அந்தத் தம்பி சொன்னபடி செய்திருந்தால் மின்விசிறி பனிக்காலம் முழுவதும் மூச்சுத் திணறியிருக்கும்.

எரிவதற்கான காற்று எங்கிருந்து வரும் என்று கடையிலிருந்து வந்தவர் கேட்டபோது, வீட்டுக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் சமையலறை விசிறியை நான் காட்டினேன். நம்முடைய தாளிப்புக்கு அது எப்போதும் உச்ச வேகத்தில்தான் ஓடும். சாமியறையிலிருந்து ஓர் ஊதுபத்தி கொளுத்தி, நெருப்பில்லாத பழைய அடுப்பின் கதவைச் சற்றுத் திறந்து அருகில் பிடித்தேன். சமையலறை விசிறியைப் போட்டதும், உள்ளே போய்க்கொண்டிருந்த புகை தயங்கி நின்று, பிறகு என் முகத்துக்குத் திரும்பியது. வீடு புகைபோக்கி வழியாகவே மூச்சை உள்ளிழுக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அடுப்புக்கு வெளிக்காற்றை நேரே கொண்டுவரும் தனிக்குழாய் ஒன்றும், அதன் வாயில் எலி நுழையாத வலையும் செலவுக் கணக்கில் சேர்ந்தன.

நகராட்சியின் அனுமதிக்கு மூன்று வாரம் பிடித்தது. 2024 ஒக்ரோபரில் புகைபோக்கியைச் சுரண்டித் துப்புரவாக்கி, உட்குழாயை இறக்கி, கூண்டின் அடியையும் தலையையும் தகட்டால் மூடினார்கள். படுக்கையறைகளுக்கு வெளியே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வைப்பது 2014 முதலே ஒன்ராறியோவில் சட்டம். கூடத்துக்கும் ஒன்று வாங்கினேன்.

முதல் நாள் அடுப்பின் வர்ணம் சூடேறி நாறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். யன்னல்களைத் திறந்து வைத்துப் பொறுத்துக்கொண்டோம். இரண்டாம் இரவு வந்த வாடை வர்ண வாடையல்ல. மீண்டும் ஊதுபத்தியோடு அடுப்பின் பின்னே குனிந்தேன். ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டு வர, அடுப்பும் குழாயும் சேரும் முதல் மூட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் நேராக எழுந்த புகை சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தது. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால், கை எட்டாத அந்த இடத்தில் பெருவிரல் அகலத்துக்குச் சிலிக்கன் பசை பூசப்படாமல் விடுபட்டு, அதன் ஓரத்தில் மயிரிழைபோலக் கரிக்கோடு விழுந்திருந்தது. எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. ஒலிக்கும்வரை காத்திருக்கவும் விருப்பமில்லை. அடுப்பை அணைத்தோம். மறுநாள் வந்து மூட்டைக் கழற்றித் துடைத்து, சுற்றிவரப் பூசி, 24 மணி நேரம் காயவிட்டார்கள்.

அதன்பின் பொருத்தியவரே ஒரு சோதனை செய்தார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மின்செருகியைப் பிடுங்கிவிட்டார். விசிறி நின்றால் எஞ்சிய புகையை இழுக்க உயரம் ஒன்றுதான் துணை. சுவரைத் துளைத்து நேரே வெளியே விட்டவர்களுக்கு இந்த நேரத்தில் புகை அறைக்குத் திரும்பக்கூடும். எங்கள் 18 அடி இழுத்துக்கொண்டது.

2025 மார்ச் இறுதியில் உறைபனி மழை பீற்றர்பரோ வட்டாரத்தைத் தாக்கியபோது அந்தச் சோதனை நிஜமாகவே நடந்தது. விசிறியின் இரைச்சல் அடங்கிய மறுகணம் கைவிளக்கோடு போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிண்ணத்தில் கடைசிக் குளிகைகள் சிவந்து கிடக்க, மெல்லிய புகை பின்பக்கத் துவாரத்தை நோக்கியே சென்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள் வாடை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் வீடு குளிரத் தொடங்கியது; மின்சாரம் இல்லாத பெலெற் அடுப்பு வெறும் இரும்புப் பெட்டி. எதிர்வீட்டுப் புகைபோக்கியில் விறகுப் புகை நிம்மதியாக எழுந்துகொண்டிருந்தது. "அந்த அடுப்பை எவ்வளவுக்கு விற்றனீங்கள்?" என்று மனைவி இருட்டில் கேட்டார். மறுநாள் மதியம் ஸ்காபரோவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம்.