நாலரை மணி அலாரம்

ஜூன் 16, திங்கள்
மகளை எழுப்பி உட்கார வைத்தேன். தலை பின்னும்போதே மறுபடி தூங்கிவிட்டாள். கொண்டை ஊசி குத்தியபோதுதான் கண் திறந்தாள். ஐந்தரை முதல் ஏழு வரை ஜிம்னாஸ்டிக்ஸ், பிறகு பள்ளி, மாலை ஆறு முதல் எட்டரை வரை மறுபடி ஜிம்னாஸ்டிக்ஸ். வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பத்தே முக்கால் ஆகிறது. ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லை. தினமும் பாதாமை எண்ணி ஊறவைக்கிற நான் இதை எண்ணியதே இல்லை.

ஜூன் 19, வியாழன்
பீமிலிருந்து, அதான் ஏறி நடந்து பயிற்சி செய்யும் அந்தக் குறுகலான கட்டையிலிருந்து, விழுந்துவிட்டாள். 10 செ.மீ. அகலம், 1.25 மீட்டர் உயரம். கீழே மெத்தை இருந்ததால் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. “கால் தப்பியது தெரிந்தது அம்மா, கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது” என்றாள். அந்த ‘கொஞ்சம்’ என்னைத் தூங்கவிடவில்லை.

ஜூன் 21, சனி
பிசியோதெரபிஸ்ட் காலைத் தொடுமுன்னே, எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று கேட்டார். 13 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டுமாம். ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அமெரிக்காவில் 112 பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்ததாம். 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதனாலேயே அவரை நம்பத் தோன்றியது.

ஜூன் 24, செவ்வாய்
கால் சரியாகும்வரை பயிற்சி இல்லை. ஒன்பதுக்கே விளக்கை அணைத்தேன். பத்தேகாலுக்கும் புரண்டுகொண்டிருந்தாள். திட்டினேன், வீணாக. இந்த வயதில் தூக்கத்துக்கான ஹார்மோன் மெலடோனின் சுரப்பதே பிந்துகிறது. அலாரத்துக்கு அது தெரியுமா?

ஜூன் 27, வெள்ளி
கோச்சிடம் பேசினேன். “நாங்களெல்லாம் நாலு மணிக்கே மைதானத்தில் நிற்போம்” என்றார். கடைசியில் செவ்வாய், வியாழன் காலைப் பயிற்சியை மட்டும் விட்டுக்கொடுத்தார், அரை மனதாக. மகளோ என்னிடம் பேசவில்லை. மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்களாம்.

ஜூலை 6, ஞாயிறு
மணி எட்டேகால். இன்னும் தூங்குகிறாள். மாமியார் குக்கரை ஓரமாக வைத்துவிட்டுப் பருப்பைப் பாத்திரத்தில் வேகவைக்கிறார், விசில் சத்தம் வேண்டாம் என்று.