இப்ப எடுக்காதீங்க, சேர்

"இப்ப அவர எடுக்காதீங்க, சேர்."

2022 ஜூன் மாதம், அலுவலக வாசலில், உலருணவுப் பொதிக்கான துண்டுச்சீட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். "உள்ளுக்க இருந்தா மூணு நேரமும் சோறு போடுறாங்க. வெளிய வந்தா மண்ணெண்ணெய் இல்ல, கடலுக்குப் போகேலாது. திரும்பவும் கசிப்புக்குத்தான் போவார். கொஞ்சம் பொறுத்து எடுங்க."

கணவர் வள்ளத்தில் கூலிக்குப் போனவர். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன நாட்களில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் விற்கத் தொடங்கி, போத்தல்களோடு பிடிபட்டார். தண்டம் கட்டக் காசில்லை. அதற்குப் பதிலாக மறியல், அதாவது சிறை. எங்கள் இலங்கையில் ஆண்டுதோறும் தண்டனைக் கைதிகளாக உள்ளே போகிறவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் இப்படித்தான், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போகிறவர்கள். திருச்சபையின் நிவாரண வேலையில் என் பங்கு அதுதான்: குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கத் தண்டப்பணம்.

அந்த மாதம் ஐந்து பேருக்குப் பணம் இருந்தது. அவர் பெயர் ஐந்தாவது. அதை வெட்டிவிட்டு, ஆறாவதாக இருந்த ஓர் இளைஞனின் பெயரை மேலே ஏற்றினேன். பேனையை எடுத்து மூடுவதற்குள் முடிந்த வேலை.

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கையை விரித்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்த ரூபாய், மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் வயலும் கைவிட்டிருந்தது. வரிசையில் நிற்காமல் எதுவும் இல்லை. அந்த நிலைமையில் ஒருவரை மறியலில் இருந்து எடுத்து எங்கே விடுவது? மறுவாழ்வு என்றால் வாசல் கதவைத் திறந்துவிடுவது மட்டுமா? வெளியே வந்தவன் ஒரு மாதத்தில் அதே கசிப்போடு திரும்ப உள்ளே போனால், நாங்கள் கட்டிய தண்டம் யாருக்கு உதவியது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: உள்ளே இருக்க இருக்க, கட்டவேண்டிய தண்டம் நாள்கணக்கில் குறையும். பிந்தினால் திருச்சபைக்கும் மிச்சம்.

ஆனால் அந்த மூன்று நேரச் சோற்றை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மறியல்களில் எப்போதும் கொள்ளளவைத் தாண்டித்தான் ஆட்கள். ஒருவர் திரும்பிப் படுத்தால் பக்கத்தில் கிடப்பவரும் திரும்பிப் படுக்க வேண்டும். 2020 நவம்பரில் மகர சிறைச்சாலைக் கலவரத்தில் 11 கைதிகள் செத்தபோது, நெரிசலைப் பற்றி எங்கள் கூட்டத்தில் அரை மணிநேரம் பேசியவன் நான். அவளிடம் அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி, பார்ப்பம்" என்றேன்.

இன்னொரு விஷயம் உண்டு. இதை எழுதத்தான் கை கூசுகிறது. மேலே ஏற்றிய அந்த இளைஞன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் வருபவன், நன்றாகப் பாடுவான். இவர் வராதவர். பொதிக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது என்பது எங்கள் விதி. பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்க வேண்டாமென்று போதகருடன் வாக்குவாதப்பட்டதும் நான்தான். ஐந்தாவது பெயர் அந்தப் பாடகனுடையதாக இருந்து, அவனுடைய மனைவி வந்து இதையே கேட்டிருந்தால், அதே வேகத்தில் வெட்டியிருப்பேனா? இல்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், இது வீண் குற்றவுணர்வு, அந்தப் பெண் கேட்டதைத்தானே செய்தேன் என்று தோன்றுகிறது.

அவள் உண்மையில் எதைக் கேட்டாள் என்பதும் இப்போது தெளிவாக இல்லை. நான் சோற்றுக் கணக்காக எடுத்துக்கொண்டேன். குடித்துவிட்டு வரும் கணவன் இல்லாமல் சில மாதம் நிம்மதியாகத் தூங்கக் கேட்டாளோ? விசாரித்திருக்கலாம். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

செப்டம்பரில் அவர் தானாகவே வெளியே வந்தார். அந்த மாதம்தான் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியிருந்தது; அதாவது, இப்போது கிடைக்கிறது, வாங்கத்தான் முடியாது. இருவருமாகப் பொதி எடுக்க வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார்.

"சேர், என்ட பேரும் லிஸ்ட்ல இருந்ததாம் எண்டு உள்ளுக்க ஒரு ஐயா சொன்னார்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அரிசிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காசு முடிஞ்சு போச்சு" என்றேன்.

"பரவாயில்ல சேர். உங்களுக்கும் கஷ்டம்தானே."

இந்த இடத்தில்தான் நான் சுற்றிச் சுற்றி நிற்கிறேன். காசு முடியவில்லை. ரூபாய் விழுந்ததால் வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடை ரூபாயில் கூடித்தான் இருந்தது. அரிசி ஏறியது, பால்மா ஏறியது. அந்த வருடம் விலை ஏறாதிருந்தது, நீதவான் ஏற்கனவே எழுதிவைத்த தண்டப்பணம் மட்டுமே. நன்கொடையாளருக்கான அறிக்கையில் "குடும்பத்தின் வேண்டுகோளின் பேரில் பின்போடப்பட்டது" என்று உண்மையையே எழுதியிருக்கிறேன். வெளிநாட்டில் யாரோ அதை வாசித்திருப்பார்கள். அவருக்கு மட்டும் பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால், பொய்தான் சரி. அவளைக் காப்பாற்றினேனா, என்னையா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன்: பெயரை வெட்டுவதற்கு முன் உள்ளே இருப்பவரிடமும் கேட்க வேண்டும். கேட்டோம். எல்லோரும் "எடுங்க" என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? மூன்றாம் மாதம் அந்த விதியை நாங்களே மறந்துவிட்டோம்.

அன்று போகும்போது அவர் பொதியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் ஒரு நிமிடம் பிந்தி நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அடுத்த மாசம் பால்மா வருமா சேர்?"

வரும் என்றேன். அந்த மாதம் பால்மா வரவில்லை.