70 விழுக்காடு சொல்லாமல் விடுவது

சிறிய அளவில், கோகோ விதையிலிருந்தே தொடங்கிச் சாக்லேட் செய்பவர்களின் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுபவை 65, 70, 75, 85 என்று உறைகளின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் கோகோ விழுக்காட்டு எண்கள்தாம். எண் கூடக்கூடத் தரமும் கூடுகிறது என்று வாங்குபவர்களில் பலர் நம்புகிறார்கள். அண்மையில் அத்தகைய கடையொன்றையும், அதன் பின்கட்டில் இயங்கும் தொழிற்கூடத்தையும் பொறுமையாகச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சுவையைத் தீர்மானிக்கும் காரணங்களில் பெரும்பாலானவற்றை அந்த எண் தொடுவதே இல்லை என்பதை அங்கே கண்ணாலும் நாவாலும் அறிந்துகொண்டேன்.

கடையை நடத்தும் பெண்மணியே தொழிற்கூடத்தின் வேலைகளையும் செய்கிறார். அந்த எண்ணுக்கும் சுவைக்கும் என்ன தொடர்பு என்ற என் கேள்விக்கு விளக்கம் சொல்லத் தொடங்குமுன் அவர் இரண்டு பார்களிலிருந்து ஒவ்வொரு துண்டை உடைத்துத் தந்தார். இரண்டிலும் கோகோ 70 விழுக்காடு, சர்க்கரை 30 விழுக்காடு. வனிலாவோ, குழம்பை இளக்கமாக்கும் லெசித்தினோ, பால் பொடியோ சேர்க்கப்படவில்லை. ஒன்று மடகாஸ்கரின் சம்பிரானோ பள்ளத்தாக்கில் விளைந்த விதையில் செய்தது, மற்றது கானாவின் விதையில் செய்தது. மடகாஸ்கர் துண்டு கரையத் தொடங்கியதுமே ராஸ்பெரியை நினைவூட்டும் பளிச்சென்ற புளிப்பு நாவின் இரு ஓரங்களிலும் பரவி, கசப்பு வெகுநேரம் கழித்தே வந்து சேர்ந்தது. கானா துண்டில் புளிப்பு அநேகமாக இல்லை. சாக்லேட் என்றவுடன் நாம் எதிர்பார்க்கும் அந்த அடர்ந்த, வறுபட்ட மணம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக நின்றது. செய்தவர் ஒருவரே, கூறுகளின் அளவும் ஒன்றே, அரைத்த இயந்திரமும் ஒன்றே.

தொழிற்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இயந்திரங்கள் எதுவும் இல்லாத ஒரு சிறிய மேசை. புதிதாக வந்த மூட்டையிலிருந்து கைக்கு வந்தபடி விதைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் மேலே தெரியும்படி அந்த மேசையில் வரிசையாக அடுக்குகிறார்கள். நன்றாக நொதித்த விதையின் உட்புறம் பழுப்பு நிறத்தில், மூளையின் மடிப்புகளைப்போல் விரிசல் விட்டுப் பிளவுண்டிருக்கிறது. நொதித்தல் அரைகுறையாக நின்றுபோன விதையில் ஊதா நிறம் தங்கிவிடுகிறது. நொதிக்கவே இல்லாத விதை கருங்கல் பலகையின் சாம்பல் நிறத்தில், விரிசலின்றி இறுகிக் கிடக்கிறது. அதை ஒரு துணுக்கு மென்று பார்த்தபோது, வாய் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சாம்பல் நிற விதைகள் மிகுந்திருக்கும் மூட்டையை எவ்வளவு திறமையாக வறுத்தாலும் அதிலிருந்து நல்ல சாக்லேட்டை வரவழைக்க முடியாது என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

இதன் காரணம் தோட்டத்தில் இருக்கிறது. கோகோக் காயை உடைத்தால் விதைகள் வெண்மையான, இனிப்பும் புளிப்பும் கலந்த சதையால் மூடப்பட்டிருக்கும். அவற்றைச் சதையோடு மரப்பெட்டிகளிலோ வாழையிலைகளுக்கு அடியில் குவியலாகவோ ஐந்து முதல் ஏழு நாள்கள்வரை வைத்து, இடையிடையே கிளறிவிடுகிறார்கள். முதலில் ஈஸ்ட்டுகள் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்குகின்றன. பிறகு பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றும்போது குவியலின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ்வரை ஏறுகிறது. அந்த வெப்பத்திலும் அமிலத்திலும் விதை தன் முளைக்கும் திறனை இழக்கிறது. அதன் உள்ளறைகள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதிகளும் புரதங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்போது உண்டாகும் அமினோ அமிலங்களும் எளிய சர்க்கரைகளும்தாம் பின்னாளில் வறுக்கும்போது சாக்லேட்டின் மணமாக மாறுகின்றன. பிறகு ஈரப்பதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை விதைகளை உலர்த்துகிறார்கள். இவ்வளவும் சாக்லேட் செய்பவரின் கைக்கு மூட்டை வந்து சேருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே இந்தத் தொழிலின் உயர்ந்த திறமை, விதையில் ஏற்கெனவே இருப்பதை இழக்காமல் காப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது. வறுத்தலில் அது தெளிவாகப் புலப்படுகிறது. பல ஊர்களின் விதைகளைக் கலந்து ஆண்டு முழுவதும் ஒரே சுவையைத் தரவேண்டிய பெரிய ஆலைகளுக்குக் கடுமையான வறுப்பு உதவுகிறது, ஏனெனில் அது வேறுபாடுகளை மறைத்துவிடும். இங்கோ ஒவ்வொரு மூட்டைக்கும் சிறுசிறு அளவுகளில், வெப்பத்தையும் நேரத்தையும் சற்றே மாற்றி மாற்றி வறுத்து, எல்லாவற்றையும் சுவைத்துப் பார்த்த பிறகே அந்த மூட்டைக்கான வறுப்பை முடிவு செய்கிறார்கள். மடகாஸ்கர் விதையை இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக வறுத்திருந்தால், நான் சுவைத்த பழப்புளிப்பு அடங்கிப் போயிருக்கும்.

வறுத்த விதையை உடைத்து, காற்றை ஊதித் தோலைப் புடைத்து நீக்கிவிட்டு, பருப்பை மட்டும் அரைக்க எடுத்துச் செல்கிறார்கள். அரைக்கும் அறையில் கருங்கல் உருளைகள் கருங்கல் அடித்தளத்தின்மேல் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தன. உலகெங்கும் சிறு சாக்லேட் செய்பவர்கள் பயன்படுத்தும் மேசைமேல் வைக்கும் மெலாஞ்சர் என்னும் கல் அரைப்பு இயந்திரங்களில் பல, மாவரைக்கும் வெட் கிரைண்டரிலிருந்து தகவமைக்கப்பட்டவை என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். கோகோப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொழுப்பு இருப்பதால், உராய்வின் சூட்டிலேயே அது உருகி, ஒரு சொட்டு நீரும் சேராமல் பளபளக்கும் குழம்பாகிறது. பிறகுதான் சர்க்கரை சேர்க்கிறார்கள்.

அந்த அறைக்குள் சாக்லேட் மணத்தைத் தேடிச் சென்ற எனக்கு முதலில் மூக்கில் ஏறியது வினிகரின் நெடி. நொதித்தலில் உண்டான அசிட்டிக் அமிலம், இரண்டு மூன்று நாள்கள் நீளும் அரைப்பின்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது என்று அவர் விளக்கினார். 1879-இல் ரோடோல்ஃப் லிண்ட் கண்டறிந்த கான்சிங் முறையும் இவ்வாறு நீண்ட நேரம் கலக்கிக் காற்றூட்டி மென்மையாக்குவதுதான். ஒரு துளிக் குழம்பை நுண்ணளவு கருவியில் வைத்து, துகள்கள் 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகில் வந்துவிட்டனவா என்று பார்க்கிறார்கள். 30 மைக்ரானுக்கு மேல் போனால் நாவு நறநறப்பை உணரத் தொடங்கும். ஆனால் மென்மைக்காக மேலும் மேலும் அரைத்துக்கொண்டே போனால் அமிலத்தோடு நல்ல மணங்களும் பறந்துவிடும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை அவர் கருவியைக்கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கரண்டி நுனியில் எடுத்துச் சுவைக்கிறார். பணிகள் அனைத்திலும் இதுவே கடினமானது என்பது என் கருத்து.

குழம்பு சரியான படிகமாக உறையும்படி அதன் வெப்பத்தை ஏற்றி இறக்கும் டெம்பரிங், இதோடு ஒப்பிட்டால் விதிகளுக்குக் கட்டுப்பட்ட வேலை. கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாம் வகைதான் பளபளப்பையும், உடைக்கும்போது 'டக்' என்ற ஒலியையும், உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகும் தன்மையையும் தருகிறது. அதற்காகக் குழம்பை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்து, மறுபடி 31 டிகிரிக்குச் சூடாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். பழைய சாக்லேட்டின்மேல் படரும் வெண்மை பெரும்பாலும் கொழுப்பு வேறு படிகமாக மாறியதன் விளைவே; அதைப் பூஞ்சை என்று எண்ணிப் பலர் தூக்கி எறிகிறார்கள், அதற்குத் தேவையில்லை.

கடைக்குத் திரும்பியதும் அவருடைய உறைகளின் பின்புறத்தை இம்முறை நிதானமாகப் படித்தேன். விதை வந்த பகுதி, அதை நொதிக்கவைத்த நிலையம், நொதித்த நாள்களின் எண்ணிக்கை, அறுவடை ஆண்டு ஆகியவை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. கோகோ உலகச் சந்தையில் பெரும்பாலும் எடைக்கே விலைபோகும் பண்டம். பெட்டியைச் சரியான நேரத்தில் கிளறிவிட்டவரின் உழைப்பு அந்த விலையில் தனியே தெரிவதில்லை என்பதால், இந்த நான்கு விவரங்களும் உறையின் முன்புறத்திலேயே, 70 என்ற எண்ணுக்குச் சமமான எழுத்தில் இருக்கவேண்டும் என்று அவரிடமே வேண்டிக்கொண்டேன். வறுத்த வெப்பத்தையும் நேரத்தையும் ஏன் அச்சிடவில்லை என்றும் கேட்டேன். மூட்டைக்கு மூட்டை அவை மாறுவதாகவும், முன்கூட்டியே அச்சடித்த உறையில் அவற்றைப் போட்டால் அடுத்த மூட்டைக்கே அது பொய்யாகிவிடும் என்றும் அவர் பதிலளித்தார்.